டிராக் டே: லேப் டைமைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

டிராக் டே என்பது சொந்தக் காரைப் பந்தய டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள். அதற்கு முதல் முறை காரை எடுத்து வருகிறவர்கள் பிட் லேனில் (கார்கள் வந்து நிற்கும் ஓரப் பாதையில்) கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். என்ன மாற்றினால் லேப் டைமில், அதாவது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தில், இன்னும் நாலு நொடி குறையும்? எக்ஸாஸ்ட்டா, ஈசியூ ரீமேப்பா (எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றி அமைப்பதா), பெரிய அலாய் வீலா? என் பதில் எப்போதும் இதுதான்: பிரேக் ஆயிலை மாற்றுங்கள், டயரில் காற்றைச் சரியாக வையுங்கள், மிச்சக் காசை இன்னும் இரண்டு டிராக் டேக்கு எடுத்து வையுங்கள். புதியவருக்கு அந்த நாலு நொடி காரில் இல்லை. திருப்பத்தை விட்டு வெளியே வரும் விதத்தில் இருக்கிறது.

சொந்தக் காரில் டிராக்கில் இறங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கார் போர்ஷே கேமனாக இருக்கலாம், பிஎம்டபிள்யூ எம்2 ஆக இருக்கலாம், நன்றாகப் பராமரித்த போலோ ஜிடியாகவும் இருக்கலாம். மனதில் வைத்து எழுதும் இடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக். சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பிறகு சொந்தமாகக் கட்டிய டிராக் அது. சுமார் 3.7 கி.மீ. நீளம், 12 திருப்பங்கள். இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று அழைக்கப்படுகிறது. கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கி.மீ.தான், வேகம் குறைவு, திருப்பங்கள் நெருக்கம் என்பதால் கற்றுக்கொள்ள அருமையான இடம். கிரேட்டர் நொய்டாவின் புத்த சர்க்யூட் 5.125 கி.மீ.; அங்கே பின்பக்க நேர்பாதை மட்டுமே ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். டிராக் எதுவானாலும் கற்கும் வரிசை ஒன்றுதான்.

போவதற்கு முந்தைய வாரம்

முதலில் பிரேக் ஆயில். இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்குத் தரம் கேட்பது வெறும் 155 டிகிரி. சாலையில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. டிராக்கில் நேர்பாதை முடிவில் லேப்புக்கு லேப் 150, 160 கி.மீ. வேகத்திலிருந்து அழுத்தி நிறுத்தும்போது, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சூடு ஏறும். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி வரும். குமிழி அமுங்கும், திரவம் அமுங்காது. அதனால்தான் பெடல் திடீரென்று தரை வரை போகிறது. முந்தைய லேப்பில் எல்லாம் சரியாக இருந்திருக்கும் என்பதுதான் இதில் ஆபத்து. ஆயில் மாற்றி ஒரு வருடம் தாண்டியிருந்தால், நாள் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். நல்ல டாட் 4 அல்லது டாட் 5.1 போதும். டாட் 5 என்று தனியாக ஒன்று இருக்கிறது; அது சிலிக்கான் வகை, உங்கள் காருக்கு ஆகாது.

அப்புறம் பிரேக் பேட். பாதிக்கு மேல் தேய்ந்த பேடுடன் போகாதீர்கள். மெல்லிய பேட் சூட்டைத் தாங்காமல் அதை நேராகக் கேலிப்பருக்கும் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) ஆயிலுக்கும் அனுப்பும். டிஸ்க்கில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டயரில் வெட்டு, வீக்கம், பழைய பஞ்சர் ஒட்டு எல்லாவற்றையும் பாருங்கள். பக்கச் சுவரில் ஒட்டுப் போட்ட டயர் டிராக்குக்கு வேண்டவே வேண்டாம். வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) வைத்து, காரின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு முடுக்குங்கள். அன்று மதியம் சக்கரம் ஆறியதும் மறுபடி ஒரு முறை சரிபாருங்கள்.

காரிலிருந்து கழற்ற வேண்டியவற்றை வீட்டிலேயே கழற்றிவிட்டால் நல்லது. டிக்கியில் கிடக்கும் சாமான், தண்ணீர் பாட்டில், டேஷ்போர்டில் ஒட்டிய பொம்மை, முக்கியமாக ஓட்டுநர் பக்கத்துக் கால் மிதி. திருப்பத்தில் நகர்ந்து வந்து பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கும் பொருள்கள் இவை. ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் பிட்டில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். முன்னால் மாட்டும் டோ ஹூக்கை (காரைக் கட்டி இழுக்கும் கொக்கியை) மாட்டிவிடுங்கள். கார் மணலில் சிக்கினால் மார்ஷல்கள் (டிராக் ஓரம் நிற்கும் பாதுகாப்புப் பணியாளர்கள்) அதைத்தான் தேடுவார்கள்.

ஹெல்மெட் விஷயத்தில் ஏற்பாட்டாளர் என்ன கேட்கிறார் என்று முன்பே விசாரியுங்கள். பைக் ஹெல்மெட்டைச் சில இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் ஸ்நெல் எஸ்ஏ முத்திரை உள்ளவை கார் பந்தயத்துக்கென்றே செய்யப்பட்டவை. தீயைத் தாங்குகிறதா என்றும் சோதித்திருப்பார்கள். தொடர்ந்து போகப் போகிறீர்கள் என்றால் முதல் செலவு அதில் இருக்கட்டும். உடுப்பு பருத்தியில், முழுக்கை. ஷூ மெல்லிய அடியுள்ளதாக இருந்தால் பெடல் காலுக்குத் தெரியும்.

இன்னொன்றைப் பலர் கேட்பதே இல்லை: காப்பீடு. நம் நாட்டுக் கார் பாலிசிகளில் பந்தயம், வேகச் சோதனை போன்ற பயன்பாடுகளுக்குக் காப்பீடு கிடையாது என்று பொதுவாக எழுதியே இருக்கும். டிராக்கில் கார் அடிபட்டால் முழுச் செலவும் உங்களுடையது என்று வைத்துக்கொண்டே போங்கள். கடனில் வாங்கிய விலை உயர்ந்த காரைக் கொண்டு வருகிறவர்களிடம் இதை நான் இரண்டு முறை சொல்வேன்.

காலையில்

பிரீஃபிங்கைத் தவறவிடாதீர்கள், முன் வரிசையில் உட்காருங்கள். கொடிகளைக் கேட்டதும் சொல்லும் அளவுக்கு மனப்பாடம் செய்யுங்கள். மஞ்சள் ஆடினால் முன்னே ஆபத்து. வேகத்தைக் குறையுங்கள், முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. மெதுவாகப் பிட்டுக்கு வாருங்கள், பின்னால் வருகிறவர் உங்களை இடித்துவிடும்படி சடாரென்று நிற்காதீர்கள். நீலம் என்றால் உங்களைவிட வேகமானவர் பின்னால் இருக்கிறார். மஞ்சளில் செங்கோடுகள் என்றால் தரை வழுக்கும், எண்ணெய் சிந்தியிருக்கலாம். கறுப்பு உங்களுக்குக் காட்டப்பட்டால் பிட்டுக்கு வந்து என்னவென்று கேட்க வேண்டும். கட்டம் போட்ட கொடியோடு அந்த செஷன் (ஒரு முறை டிராக்கில் இறங்கி ஓட்டும் நேரம்) முடிந்தது.

முந்துவது பெரும்பாலான டிராக் டேக்களில் நேர்பாதையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் கையால் சைகை காட்டிய பிறகே. உங்களுக்குப் பின்னால் ஒருவர் ஒட்டி வந்தால் நேர்பாதையில் சைகை காட்டி, ஆக்ஸிலேட்டரை லேசாக விட்டு, அவரை அனுப்பிவிடுங்கள். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டும் லேப்பில் எதையும் கற்க முடியாது. டிராக் டே பந்தயம் இல்லை, கோப்பையும் இல்லை.

உட்காரும் நிலைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். சாய்ந்து உட்கார்ந்து கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். பிரேக்கை முழுவதும் மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். சாலையில் வைத்துக்கொள்வதைவிட ஒரு படி கிட்டே, ஒரு படி நிமிர்ந்து இருக்கும். கை ஒன்பதேகால் மணி நிலையில். இடது கால் ஓய்வுப் பலகையில் ஊன்றி உடம்பைத் தாங்கினால்தான் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கும் பழக்கம் போகும். பிடித்துத் தொங்குகிற கைக்கு டயர் சொல்வது எதுவும் கேட்காது.

முதல் செஷன்: டைமரை அணைத்து வையுங்கள்

முதல் செஷனில் நேரம் பார்க்காதீர்கள். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னால் அதைவிட நல்லது இல்லை. பயிற்சியாளரை ஏற்பாடு செய்து தரும் டிராக் டே என்றால் அந்தக் கட்டணத்தைக் கட்டாயம் கட்டுங்கள். ஒரு பயிற்சியாளர் அரை நாளில் காட்டுவதைத் தனியாகக் கண்டுபிடிக்கப் பல டிராக் டே ஆகும்.

எழுபது விழுக்காடு வேகத்தில் ஓட்டி மூன்று இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் எங்கே ஸ்டீயரிங்கைத் திருப்பத் தொடங்குகிறோம், உள் ஓரத்தை எங்கே தொடுகிறோம், வெளி ஓரத்துக்கு எங்கே வந்து சேர்கிறோம். நடுவில் உள்ளதைத்தான் ஏபெக்ஸ் என்கிறோம். குறி வைக்கும் பொருள் நகராததாக இருக்கட்டும்: கெர்ப் (டிராக் ஓரத்து வண்ணக் கட்டை) தொடங்கும் இடம், தாரின் ஒட்டு, மார்ஷல் மேடை. நிழலைக் குறியாக வைத்தால் மதியத்துக்குள் அது இடம் மாறிவிடும்.

கண் எப்போதும் அடுத்த குறியில் இருக்க வேண்டும். பிரேக் மிதிக்கும்போதே திரும்பும் இடத்தைப் பாருங்கள், திரும்பும்போதே ஏபெக்ஸை, ஏபெக்ஸ் வருவதற்குள் வெளி ஓரத்தை. இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம். பானெட்டுக்கு முன்னால் பத்து மீட்டரைப் பார்க்கச் சாலை நம்மைப் பழக்கியிருக்கிறது. வேகம் பயமுறுத்துகிறது என்று தோன்றினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பார்வையை. தூரத்தைப் பார்த்தவுடன் அதே வேகம் மெதுவாகத் தெரியும்.

வழித்தடம்: ஏன் அகலம் முழுக்க வேண்டும்?

திருப்பத்தில் ஒரு கார் போகக்கூடிய அதிகபட்ச வேகத்தை டயரின் பிடிப்பும் வளைவின் ஆரமும் தீர்மானிக்கின்றன. 0.9 ஜி (புவியீர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு) பிடிப்புத் தரும் டயரில் 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்குச் சுமார் 76 கி.மீ. வேகத்தில் எடுக்கலாம். அதே இடத்தில் வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு வந்தால் நீங்கள் போடும் வளைவின் ஆரம் 60 மீட்டர் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வேகம் சுமார் 83 கி.மீ. கார் அதே கார், டயர் அதே டயர். காசு செலவில்லாமல் கிடைத்த ஏழு கிலோமீட்டர் அது. ஆனாலும் புதியவர்களின் கார்கள் வெளி ஓரத்திலிருந்து ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தள்ளியே ஓடுவதைப் பார்க்கிறேன். ஓரம் வரை போங்கள், அது உங்களுக்காகப் போட்ட தார்.

புதியவர்கள் எல்லோரும் செய்வது, சீக்கிரமே திரும்பிவிடுவது. சீக்கிரம் திரும்பினால் சீக்கிரம் உள் ஓரத்தைத் தொடுவீர்கள். திருப்பம் அதற்குப் பிறகும் மிச்சம் இருக்கும். வெளியே வரும்போது தார் தீர்ந்துபோகும். அப்போது ஆக்ஸிலேட்டரை விட வேண்டியிருக்கும், அல்லது இன்னும் திருப்ப வேண்டியிருக்கும். இரண்டுமே நேரத்தைத் தின்பவை, ஆபத்தும்கூட. ஆகவே தோன்றுவதைவிடக் கொஞ்சம் தாமதமாகத் திரும்புங்கள், ஏபெக்ஸைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நுழையும்போது மெதுவாகப் போவது போலத் தோன்றும். ஏபெக்ஸ் வந்ததும் கார் ஏறக்குறைய நேராக நிற்கும், ஆக்ஸிலேட்டரை மிதிக்கலாம்.

சரி, இது எவ்வளவு மிச்சம் பிடிக்கும்? கணக்குப் போட்டே பார்க்கலாம். 500 மீட்டர் நேர்பாதைக்கு முந்தைய திருப்பத்திலிருந்து 80 கி.மீ. வேகத்தில் வெளியே வந்து, முடிவில் 160 எட்டும் ஒரு கார். அதே கார் 83 கி.மீ. வேகத்தில் வெளியே வந்தால் அந்த நேர்பாதையில் மட்டும் சுமார் கால் நொடி குறைகிறது. இன்னொரு பக்கம், நேர்பாதை முடிவில் 150 கி.மீ. வேகத்திலிருந்து 72க்கு இறங்க 110 மீட்டர் எடுத்துக்கொண்டவர் துணிந்து பத்து மீட்டர் தள்ளி, இன்னும் அழுத்தி பிரேக் பிடிக்கிறார் என்று வையுங்கள். எல்லாம் சரியாக நடந்தால் அவருக்குக் கிடைப்பது பத்தில் ஒரு நொடியைவிடக் குறைவு. கொஞ்சம் பிசகினால் ஏபெக்ஸ் போகும், வெளிவரும் வேகம் போகும், அடுத்த நேர்பாதை முழுக்க நஷ்டம். பிரேக்கைத் தள்ளிப் பிடிப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதைக் கடைசியாகக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

எனவே டிராக்கின் வரைபடத்தை எடுத்து, எந்தத் திருப்பங்களுக்குப் பிறகு நீண்ட நேர்பாதை வருகிறது என்று குறியுங்கள். உழைப்பை அந்த இரண்டு மூன்று திருப்பங்களில் போடுங்கள். அடுத்தடுத்து ஒட்டி வரும் திருப்பங்களில் கடைசித் திருப்பமே எஜமான். முன்னுள்ளவற்றில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது கடைசியில் சரியான இடத்தில் நிற்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் முதன்மை நேர்பாதை முடிந்து வரும் சி1, அதாவது முதல் திருப்பம், அதிவேகத் திருப்பம். துணிச்சலைக் காட்டத் தோன்றும் இடம் அது. நான் சொல்வேன், முதல் நாள் முழுக்க அங்கே ஒரு படி கீழே ஓட்டுங்கள். அந்த வேகத்தில் தவறினால் வெளியே இருக்கும் இடம் போதாது. மெதுவான திருப்பங்களில் தேடினால் கிடைக்கும் நொடிகள் நிறைய இருக்கின்றன.

பிரேக்

சாலையில் நாம் மெல்ல மிதித்து, நிற்கும் நேரத்தில் அழுத்துவோம். டிராக்கில் இது தலைகீழ். முதலில் உறுதியாக அழுத்தி, வேகம் குறையக் குறைய விட்டுக்கொண்டே வர வேண்டும். உதைக்கச் சொல்லவில்லை. முதல் கணத்தில் எடை முன் டயர்களுக்கு வர விட்டு, உடனே முழு அழுத்தம். ஏபிஎஸ் கால் அடியில் படபடக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிற்கப் பழகுங்கள்.

தொடக்கத்தில் பிரேக் முழுவதையும் நேர்கோட்டிலேயே முடித்துவிடுங்கள். கியரை இறக்குவதும் அதற்குள் முடியட்டும். மேனுவல் கார் என்றால் ஹீல் அண்ட் டோ (பிரேக்கை மிதித்தபடியே அதே காலால் ஆக்ஸிலேட்டரையும் தட்டும் உத்தி) பற்றி முதல் நாள் கவலைப்பட வேண்டாம். கடைசி நேரத்தில் கிளட்சை மெல்ல விட்டால் போதும். எந்த கியர் என்று குழப்பம் வந்தால் ஒரு கியர் மேலேயே இருங்கள். நேரம் கொஞ்சம் போகும், கவனம் வழித்தடத்தில் இருக்கும்.

இடையில் காலைச் சும்மா வைத்திருக்கும் நேரத்தைக் கவனியுங்கள். பிரேக்கும் இல்லை, ஆக்ஸிலேட்டரும் இல்லை, கார் தானாக உருண்டுகொண்டிருக்கும் அந்த ஒன்றரை, இரண்டு நொடி. புதியவர்களின் லேப்பில் இது ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்னும் இருக்கும். சீக்கிரம் பிரேக் பிடித்துவிட்டு, அட, இன்னும் தூரம் இருக்கிறதே என்று காத்திருப்பது. பிரேக் குறியை லேப்புக்கு இரண்டு மூன்று மீட்டராக நகர்த்தி இந்தக் காத்திருப்பை மூடுங்கள். அதோடு நிறுத்துங்கள். திரும்பும் இடத்தைத் தவறவிட்டால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டு குறி பின்னால் வாருங்கள்.

டயருக்கு இருப்பது ஒரே கணக்கு

ஒரு டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி. வாடகைக்கே முழுவதும் கொடுத்துவிட்டால் மளிகைக்கு இருக்காது. பிரேக்குக்கு நூறு விழுக்காடு செலவழிக்கும் டயரால் திரும்ப முடியாது. முழுப் பிடிப்பில் திரும்பும் டயரிடம் ஆக்ஸிலேட்டரையோ பிரேக்கையோ கூடுதலாகக் கேட்டால் அது வழுக்கும். ஆகையால் ஒன்றை எடுக்கும்போது மற்றொன்றை விட வேண்டும். ஸ்டீயரிங்கை எவ்வளவு நேராக்குகிறீர்களோ அவ்வளவு ஆக்ஸிலேட்டர். ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்புகிறீர்களோ அவ்வளவு பிரேக்கை விடுங்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்தின் பெயர்தான் டிரெயில் பிரேக்கிங். திரும்பத் தொடங்கிய பிறகும் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே ஏபெக்ஸ் வரை போவது. எடை முன்னால் இருப்பதால் முன் டயர் நன்றாகக் கடித்துத் திரும்பும். உண்மையிலேயே வேகமாக ஓட்டுகிறவர்கள் எல்லோரும் செய்வது இது. ஆனால் வழித்தடம் நிலைத்து, நேர்கோட்டு பிரேக் கைவந்த பிறகு, மெதுவான ஒரு திருப்பத்தில் மட்டும் தொடங்குங்கள். காலைச் சட்டென்று எடுக்காமல், பெடலை ஒரு நொடி முழுக்க எடுத்துக்கொண்டு விடுவதுதான் பயிற்சியே.

முன் டயர் வழுக்கினால் அண்டர்ஸ்டியர்; ஸ்டீயரிங் திருப்பியும் கார் நேராகப் போகும். இன்னும் திருப்பாதீர்கள். கொஞ்சம் நேராக்கி, ஆக்ஸிலேட்டரை லேசாகக் குறையுங்கள், பிடிப்பு திரும்பும். முன்சக்கர இழுவைக் கார்களில் இதுதான் அடிக்கடி வரும். பின் டயர் வழுக்கினால் ஓவர்ஸ்டியர். போக வேண்டிய இடத்தைப் பார்த்து ஸ்டீயரிங்கை அந்தப் பக்கம் விடுங்கள், பிடிப்பு வந்ததும் உடனே நேராக்குங்கள். திருப்பத்தின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலேட்டரை முழுவதும் விடுவது, பின்பக்கம் எஞ்சின் உள்ள போர்ஷே 911 போன்ற கார்களில் குறிப்பாக ஆபத்து. எடை முன்னால் ஓடிவிடும், பின்பக்கம் லேசாகிச் சுழலும். சுழன்றே விட்டது என்றால் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுவதும் மிதித்து, கார் நிற்கும் வரை விடாதீர்கள். இரண்டு சக்கரம் புல்லில் இறங்கிவிட்டால் வெடுக்கென்று டிராக்குக்குத் திருப்பாதீர்கள். நேராகவே ஓட விட்டு, வேகம் இறங்கிய பிறகு கண்ணாடி பார்த்து ஏறுங்கள். பெரிய விபத்துகள் பல, புல்லில் இறங்கியதால் இல்லாமல் அவசரமாக ஏறியதால் நடப்பவை.

ஈஎஸ்பியை (கார் வழுக்கினால் தானே கட்டுப்படுத்தும் அமைப்பை) அணைக்க வேண்டாம். அந்த விளக்கு மினுங்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே முரட்டுத்தனமாக ஓட்டுகிறீர்கள் என்று அது சொல்கிறது. விளக்கு மினுங்காமல் அதே நேரத்தில் லேப் முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் நேரம் குறையவே செய்யும்.

சூடும் காற்றும்

சாலைக்கு 33 பிஎஸ்ஐ வைக்கும் டயரில் அதே அளவோடு டிராக்கில் இறங்கினால் சில லேப்பில் ஐந்தாறு பிஎஸ்ஐ ஏறிவிடும். டயர் நடுவில் புடைத்து, தரையைத் தொடும் பரப்பு குறையும், கார் மிதப்பது போல ஓடும். முக்கியம் சூடான அளவுதான். சாதாரணச் சாலை டயருக்கு, சூட்டில் 34லிருந்து 36 வரை நிற்கும்படி வைத்துத் தொடங்கலாம். அதற்குக் குளிர்ந்த நிலையில் 28, 29 பக்கம் வரும். செஷன் முடிந்து பிட்டுக்குள் வந்த நிமிடமே அளவுங்கள். பத்து நிமிடம் கழித்து அளந்தால் பயனில்லை. சொந்தமாக ஒரு நல்ல கேஜ் வாங்குங்கள், பெட்ரோல் பங்க் கேஜை நம்ப வேண்டாம். வலஞ்சுழியாக ஓடும் டிராக்கில் இடப்பக்க டயர்களுக்கு உழைப்பு அதிகம், அவை கூடுதலாகச் சூடேறும். இடப்பக்கத்தில் ஒரு பிஎஸ்ஐ குறைத்துத் தொடங்கினால் சூட்டில் இரண்டு பக்கமும் சமமாக வரும். டயரின் ஓரத்தில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். தேய்மானம் அதைத் தாண்டிப் பக்கச் சுவருக்கு இறங்கினால் காற்று குறைவு என்று பொருள்.

நம் ஊர் வெயிலில் தார் காற்றைவிட அதிகமாகக் கொதிக்கும். ஐந்தாறு லேப் வேகமாக, ஒரு லேப் மெதுவாக என்று பிரித்து ஓட்டுங்கள். பிரேக் பெடல் இறுக்கமாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் பேட் சூடேறிவிட்டது. பெடல் பஞ்சாகிவிட்டால் ஆயில். இரண்டிலும் உடனே வேகத்தைக் குறைத்து, முடிந்தவரை பிரேக் பிடிக்காமல் ஒரு லேப் சுற்றி உள்ளே வாருங்கள். நிறுத்திய பிறகு ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். அப்புறம் நீங்களும் தண்ணீர் குடியுங்கள். மூன்றாவது செஷனில் வரும் தவறுகள் பல தாகத்தால் வருபவை.

மழை வந்தால் உலர்ந்த நேரத்து வழித்தடத்தை விட்டு விலகுங்கள். ரப்பர் படிந்த அந்தப் பட்டைதான் ஈரத்தில் அதிகம் வழுக்கும். எல்லா அசைவையும் மெதுவாக்கிப் பழக மழை நாள் போல இன்னொன்று கிடையாது.

இப்போது டைமர்

வழித்தடம் கைக்கு வந்த பிறகு டைமரைப் போடுங்கள். ரேஸ்குரோனோ போன்ற ஆப் போனிலேயே ஓடும். போனின் ஜிபிஎஸ் பொதுவாக நொடிக்கு ஒரு முறைதான் இடத்தைப் பதியும். நொடிக்குப் பத்து முறையோ அதற்கு மேலோ பதியும் தனி ரிசீவரை இணைத்தால் திருப்பத்துக்குத் திருப்பம் நம்பத்தகுந்த வேகக் கோடு கிடைக்கும். எக்ஸாஸ்ட்டுக்குச் செலவழிக்கும் காசில் ஒரு சின்னப் பங்குதான் இதற்கு ஆகும்.

முதல் இலக்கு வேகமான லேப் இல்லை. அடுத்தடுத்து ஐந்து லேப் ஒரு நொடி வித்தியாசத்துக்குள் வர வேண்டும். அது வரும் வரை எந்த மாற்றம் உதவியது, எது கெடுத்தது என்று சொல்லவே முடியாது. வந்த பிறகு, ஒரு செஷனுக்கு ஒரு திருப்பம், ஒரு மாற்றம் மட்டும். இந்த செஷனில் இந்தத் திருப்பத்தில் ஏபெக்ஸை இரண்டு மீட்டர் தள்ளப் போகிறேன் என்று எழுதிக்கொண்டு போங்கள்.

செஷன் முடிந்ததும் உங்கள் சிறந்த லேப்பையும் சராசரி லேப்பையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். திருப்பத்தின் குறைந்தபட்ச வேகம் எவ்வளவு, அது ஏபெக்ஸுக்கு முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா? முழு ஆக்ஸிலேட்டர் எந்த இடத்தில் தொடங்குகிறது? பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் நடுவில் கோடு தட்டையாகப் போகிறதா? குறைந்தபட்ச வேகம் ஏபெக்ஸ் தாண்டி வருகிறது என்றால் வேகமாக நுழைந்துவிட்டு உள்ளே திணறியிருக்கிறீர்கள். அந்தத் திருப்பத்தில் இரண்டு கி.மீ. மெதுவாக நுழைந்து பாருங்கள், லேப் டைம் இறங்கும். இதை முதல் முறை திரையில் பார்ப்பவர்களின் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும்.

எதை வாங்குவது, எப்போது?

ஐந்து லேப் ஒரு நொடிக்குள் வந்த பிறகு சூடு தாங்கும் பேட். அடுத்து நல்ல டயர். லேப் டைமை நேரடியாகக் குறைக்கும் பொருள் அதுதான். பிரேக், திருப்பம், வேகமெடுப்பு மூன்றுமே அந்த நான்கு சின்னப் பரப்புகள் வழியாகத்தான் நடக்கின்றன. ஆனால் பிடிப்பு மிக அதிகமான டயரை முதலிலேயே போட்டால் அது தவறுகளை மூடி மறைக்கும், வழுக்கும்போது சொல்லாமல் வழுக்கும். சாலை டயரில் கற்று, பிறகு மாறுங்கள். அதன் பிறகு வீல் அலைன்மென்ட்டில் முன்சக்கரங்களுக்குக் கொஞ்சம் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்வது). சக்தியைக் கூட்டுவது பட்டியலின் கடைசியில். நேர்பாதையில் வரும் கூடுதல் வேகத்தை முடிவில் நிறுத்துவதும் நீங்கள்தான்.

கிளம்பும் முன்

கடைசி செஷனில் களைப்பாக இருந்தால் பாதியில் உள்ளே வந்துவிடுங்கள். பேடின் தடிமனைப் பாருங்கள், வீல் நட்டுகளை மறுபடி முடுக்குங்கள், டோ ஹூக்கைக் கழற்றுங்கள், ஸ்டெப்னியை ஏற்றுங்கள். டயர் ஆறியதும் காற்று சாலை அளவுக்குக் கீழே இருக்கும்; பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறுவதற்குள் நிரப்பிவிடுங்கள். முதல் சில கிலோமீட்டர் பிரேக்கை மென்மையாக மிதித்துப் பெடல் பழையபடி இருக்கிறதா என்று சோதியுங்கள். பஞ்சுபோல இருந்தால் மெதுவாகப் பக்கத்து மெக்கானிக்கிடம் போய் ஆயிலை பிளீட் செய்த (குழாயிலுள்ள குமிழிகளை வெளியேற்றிய) பிறகே வீட்டுக்குக் கிளம்புங்கள். அன்றிரவே, நினைவில் இருக்கும்போது, ஒவ்வொரு திருப்பத்துக்கும் பிரேக் குறி, கியர், சூடான டயர் அளவு ஆகியவற்றை எழுதி வையுங்கள். அடுத்த டிராக் டேயின் முதல் செஷனை அங்கிருந்து தொடங்கலாம்.